ரோடு காய்ஞ்ச மாதிரித் தெரியுது, ஆனா சிக்னலில கார் நிக்காமல் வழுக்குது

வடலி:
ரொறன்ரோ ஸ்காபரோவில எனக்கு இது முதல் வின்ரர். கார் கொரோலா, ஓல் சீசன் (எல்லாக் காலத்துக்கும் போடுற) ரயர். ஸ்னோ எல்லாம் வழிச்சாச்சு, ரோடு கறுப்பாத்தான் கிடக்குது. ஆனா சிக்னலுக்குக் கிட்டப் போய் பிரேக் பிடிச்சால் கார் நிக்குதில்லை, பெடல் காலுக்குக் கீழ கடகடவெண்டு அடிக்குது. பிரேக்கில ஏதும் பழுதோ? ஓல் வீல் ட்ரைவ் (எஞ்சின் நாலு சில்லையும் சுத்துற) கார் வாங்கினால் சரிவரும் எண்டும் சிலர் சொல்லுகினம். விடிய 5 மணிக்கு மோர்னிங்சைட் ரோட்டு இறக்கத்தால வேலைக்குப் போகவேணும். தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

கராஜ்காரன்:
பிரேக் பழுதில்லைத் தம்பி. அது ஏபிஎஸ். சில்லு பூட்டுப்படாமல் இருக்க அது விட்டு விட்டுப் பிடிக்குது, அதுதான் பெடல் துடிக்கிறது. அந்த நேரம் பயந்து காலை எடுக்காதேங்கோ, விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். இறுக்கி அமத்தினபடியே ஸ்ரேறிங்கைத் திருப்பி ஒதுங்கப் பாருங்கோ. ஏபிஎஸ் இருக்கிறதே நீங்கள் திருப்பக்கூடியதா இருக்கத்தான். ஐஸில நிக்கிற தூரத்தை அது பெரிசாக் குறைக்காது.

50 கிலோமீற்றர் வேகத்தில காய்ஞ்ச ரோட்டில பிரேக் பிடிச்சால் 14 மீற்றர் அளவில நிக்கிற கார், வழுவழுத்த ஐஸில 100 மீற்றர் வரைக்கும் போகும். 30இல போனால் அதே ஐஸில 35 மீற்றர். வித்தியாசத்தைப் பாருங்கோ. சறுக்கத் தொடங்கின பிறகு காட்டுற கெட்டித்தனத்தால அந்த 65 மீற்றரைப் பிடிக்க ஏலாது.

ஓல் வீல் ட்ரைவ் புறப்படவும் ஏத்தம் ஏறவும் உதவும். பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலதானே இருக்கு, நிக்கிறதுக்கு அதால லாபம் இல்லை. அந்தக் காசில வின்ரர் ரயர் போடுங்கோ. 7 பாகைக்குக் கீழ போனால் ஓல் சீசன் றப்பர் விறைச்சுப்போகும், பிடிக்காது. ரயரின்ர பக்கத்தில மூண்டு முனை மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் இருக்கிற குறியைப் பாத்து வாங்குங்கோ. நாலும் போடவேணும், முன்னுக்கு ரெண்டு மட்டும் போட்டால் வளைவில பின்பக்கம் வீசும். தேய்ஞ்சு பள்ளத்தின்ர ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்த ரயர் ஸ்னோவுக்கு உதவாது. குளிர் 5, 6 பாகை கூடக் கூட ரயரில ஒரு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) காத்துக் குறையும், ஓடமுதல் அளந்து கதவுச் சட்டத்தில ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கோ. ஒன்ராறியோவில வின்ரர் ரயர் கட்டாயமில்லை, ஆனா 2016இல இருந்து இன்சூரன்ஸ் கொம்பனியள் அதுக்குக் கழிவு தரவேணும். நீங்கள்தான் போன் பண்ணிக் கேக்கவேணும்.

ஓட்டவாத்தி:
சிக்னலடியில ஏன் கூட வழுக்குது எண்டால், எல்லாக் காரும் அதே இடத்தில பிரேக் பிடிச்சு, அதே இடத்தில சில்லுச் சுத்திப் புறப்படுது. மிஞ்சின ஸ்னோ நசிஞ்சு, உருகி, திரும்ப உறைஞ்சு கண்ணாடி ஆயிடும். அதால சந்திக்கு நல்ல தூரத்துக்கு முன்னமே மெல்ல மெல்லப் பிடிக்கத் தொடங்குங்கோ. முன் காருக்குப் பின்னால ஒரு கார் நீளம் விட்டு நில்லுங்கோ, பின்னால வாறவர் நிக்காட்டி முன்னுக்கு நகர இடம் வேணும். பச்சை விழுந்த உடன பாயவேண்டாம். குறுக்க வாறவர் சிவப்பில நிக்கேலாமல் வழுக்கி வரலாம்.

கறுப்பு ஐஸை, அதாவது ரோட்டு நிறத்திலயே தெரியிற மெல்லிய ஐஸை, ரோட்டைப் பாத்துக் கண்டுபிடிக்கிறது கஸ்டம். முன்னுக்குப் போற காரின்ர சில்லைப் பாருங்கோ. ரோடு ஈரமாத் தெரியுது, ஆனா சில்லில இருந்து தண்ணி தெறிக்கேல்லை எண்டால் அது ஐஸ். கார் வெப்பமானி காட்டுறது காத்தின்ர சூட்டை, ரோட்டின்ரயை இல்லை. +2 காட்டினாலும் நம்பாதேங்கோ.

மோர்னிங்சைட்டில இறங்கமுதல், மேல வைச்சே வேகத்தைக் குறைச்சு கியரை ஒரு படி கீழ போடுங்கோ. கீழ ஹைலண்ட் கிறீக் பாலம். பாலத்துக்கு மேலாலயும் கீழாலயும் குளிர்காத்து அடிக்கிறதால மற்ற ரோட்டுக்கு முதல் அது உறையும். பாலத்தில பிரேக்கும் வேண்டாம், திடீர்த் திருப்பமும் வேண்டாம். வேகத்தைத் தானாப் பிடிச்சு வைக்கிற குறூஸ் கொன்றோலை மறந்துவிடுங்கோ.

பின்பக்கம் வீசினால் காஸில இருந்து காலை எடுத்து, போகவேண்டிய திசையைப் பாத்து அந்தப் பக்கமே மெல்லத் திருப்புங்கோ. நேரானவுடன ஸ்ரேறிங்கையும் நேராக்குங்கோ, இல்லாட்டி மற்றப் பக்கம் வீசும். முன்பக்கம் திரும்பாமல் நேர போனால் இன்னும் கூடத் திருப்பிப் பிரயோசனமில்லை. ஸ்ரேறிங்கைக் கொஞ்சம் தளர விட்டால் ரயர் திரும்பப் பிடிக்கும்.

வடலி:
மெத்தப் பெரிய நன்றி. உப்புப் போட்ட ரோட்டை நம்பலாமோ?

கராஜ்காரன்:
சைபருக்குக் கிட்ட நல்லா வேலை செய்யும். மைனஸ் 10க்குக் கீழ போகப் போக உருக நேரமெடுக்கும், மைனஸ் 18 அளவில உப்பு இருந்தும் பிரயோசனமில்லை. நீல லைட் மினுக்கிக்கொண்டு போற ஸ்னோ வழிக்கிற வண்டியை முந்தாதேங்கோ, அதுக்கு முன்னுக்கு ரோடு இன்னும் வழிக்கேல்லை.

ஓட்டவாத்தி:
விடிய 5 மணி எண்டபடியால் இதையும் சொல்லுறன். பஸ் தரிப்பில ஸ்னோவைக் குவிச்சு விட்டால் ஆக்கள் ரோட்டில இறங்கித்தான் நிப்பினம், கறுப்பு ஜக்கெற்றில இருட்டில தெரியாது. தரிப்பு வரமுதலே வேகத்தைக் குறையுங்கோ. கண்ணாடியில ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிப்போட்டு வெளிக்கிடவேண்டாம். நாலு பக்கமும், லைட்டும், கூரையும் துடையுங்கோ. கூரையில விட்ட ஸ்னோ பிரேக் பிடிக்கேக்க முன் கண்ணாடியில வந்து விழும்.