ஃபோம் பலகைக் கூடாரத்துக்கு உறுதியான கதவு அமைப்பது எப்படி?

கேள்வி:
நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் நடைபெறும் பர்னிங் மேன் விழாவுக்காக, 4 அடிக்கு 8 அடி அளவும் 1 அங்குலத் தடிமனும் கொண்ட பாலிஐசோ (வெப்பக்காப்பு ஃபோம்) பலகைகளை டேப்பால் இணைத்து, ஹெக்ஸாயர்ட் எனப்படும் அறுகோணக் கூடாரம் ஒன்றை அமைத்து வருகிறேன். பலகையிலேயே வெட்டி டேப்பால் ஒட்டிய கதவு, அங்கு வீசும் காற்றில் பிய்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன். கீல்களை எதில் பொருத்துவது?

மறுமொழி 1:
ஃபோம் திருகாணியைப் பிடித்து நிறுத்தாது. வாசலைச் சுற்றி உள்ளும் புறமும் ரீப்பர் கட்டைகளை வைத்து, பலகையை இடையில் கொடுத்து, போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டு முடுக்கினால், கதவின் பாரம் அந்தச் சட்டத்தின் மீதே இறங்கும். கீல்களையும் அதிலேயே அடியுங்கள். கட்டை பலகையோடு படிந்ததும் நட்டை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ஃபோம் நசுங்கிப் பிடிப்பு தளர்ந்துவிடும்.

மறுமொழி 2:
மேற்கூறியது சரியே. வாசலைச் சுவரின் நடுவில், காற்று வரும் திசைக்கு மறுபுறமாக வெட்டுங்கள். மூலைக்கு அருகில் வெட்டினால் பலகைகளை இணைக்கும் டேப் வலுவிழக்கும். வெட்டிய விளிம்புகளை அலுமினிய டேப்பால் மூடாவிட்டால் ஃபோம் துகள்கள் உதிரும், அவற்றைப் பாலைவனத்தில் விட்டுவருவது முறையல்ல. அங்குள்ள மாவு போன்ற காரத்தன்மை கொண்ட தூசியைத் தடுக்கச் சட்டத்தின் உட்புறம் ரப்பர் பட்டை ஒட்டுவது அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கதவு வீசியடிக்காமலிருக்க, திறந்த நிலையில் கட்டிவைக்க ஒரு கயிறும் சேர்க்கிறேன்.