புதுப்பிப்பு: பம்புக்குள் காற்று, பிழை குமிழி அளவில்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மையவிலக்குப் பம்புக்குள் தண்ணீரோடு கொஞ்சம் காற்றையும் விட்டுக் கணினியில் ஓட்டினால் ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) விழவே மாட்டேன் என்கிறது, சோதனை பெஞ்சில் அதே பம்ப் திணறுகிறதே என்று. ‘குமிழி விட்டம் என்ன போட்டீர்கள்?’ என்று ஓர் அண்ணா கேட்டார். விஷயம் அதேதான்.

நான் போட்டிருந்தது 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னக் குமிழியைத் தண்ணீர் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். 1 மில்லிமீட்டர் ஆக்கியதும் கதை மாறியது. இம்பெல்லரில், அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்தில், வெளிப்பக்கம் போகப்போக அழுத்தம் ஏறும். அது குமிழியை உள்ளே தள்ளும், நீரின் இழுவை வெளியே கொண்டுபோகப் பார்க்கும். குமிழி பெருத்தால் தள்ளுவிசைதான் வெல்லும். இப்போது பிளேடின் உறிஞ்சுபக்கம் (அழுத்தம் குறைந்த பக்கம்), இம்பெல்லரின் கண்ணுக்கு (நடுவில் தண்ணீர் நுழையும் வாய்) அருகே, நாக்கு மாதிரி ஒரு காற்றுப்பை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெர்ஸ்பெக்ஸ் மூடி வழியாகப் பெஞ்சில் பார்த்ததும் இதையேதான். ஹெட்டும் விழுகிறது.

கணினியில் இம்பெல்லரை ஒரே நிலையில் உறையவைத்து ஓட்டுவதையும் விட்டுவிட்டேன்; இப்போது அது படிப்படியாகச் சுழல்கிறது. நிமிடத்துக்கு 2900 சுற்றில், ஒரு கணிப்புப் படிக்கு 1 பாகை என்றால் படி ஒன்று 0.0575 மில்லிசெக்கன்தான். கணினிக்கு ஆமை வேகம். வெள்ளவத்தையில் சனி இரவு கரண்ட் போய், கணித்து முடித்த ஆறு சுற்று போச்சு. அடிக்கடி சேவ் பண்ணாதது என் பிழை.

இன்னும் ஒரு குறை: எல்லா இடத்திலும் ஒரே விட்டம். உண்மையில் பிளேடு நுனியில் குமிழி உடையும், பைக்குள் ஒன்றுசேரும். அடுத்து அதைத்தான் சேர்க்கப்போகிறேன்.