யாழ்ப்பாணத்து வாக்குகள் கைமாறியது பற்றி

நம் ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

2024 நவம்பர் 14ஆந் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்துச் சனம் தமிழ்க் கட்சிகளுக்குச் செய்தது நன்றிகேடு என்று ரொறன்ரோவிலிருந்து நமது பொருளாளர் அண்ணா எழுதியிருந்தார். அவர் மீதுள்ள மரியாதை சற்றும் குறையாமலே அந்தச் சொல்லை மறுக்க விரும்புகிறேன். நன்றிகேடு என்றால் பெற்றதை மறப்பது. சென்ற பத்தாண்டில் நம் ஊர் தன் பிரதிநிதிகளிடமிருந்து பெற்றது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

2015இல் யாழ் தேர்தல் மாவட்டத்தில், தமிழரசுக் கட்சி தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 207,577 வாக்குகளைப் பெற்று ஏழில் ஐந்து ஆசனங்களை எடுத்தது. 2020இல் அது 112,967 வாக்குகளாகவும் மூன்று ஆசனங்களாகவும் சுருங்கியது. 2024இல் தனித்துப் போட்டியிட்ட தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்குகளும் ஆறில் ஓர் ஆசனமும் கிடைக்க, கொழும்பிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளுடன் மூன்று ஆசனங்களைப் பெற்றது. தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் தோற்றார், 1994 முதல் பாராளுமன்றத்தில் இருந்துவந்த ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தாவும் தோற்றார். கூட்டமைப்பு உடைந்ததுதான் காரணம் என்று சிலர் எழுதுவது ஓரளவு சரி. ஆனால் பங்காளிக் கட்சிகளான டெலோவும் புளொட்டும் கூடவே நின்ற 2020இலேயே வாக்கு ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்பதை அந்த விளக்கம் தொடுவதில்லை.

கிணற்று நீர் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். சுன்னாகம் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்று 2014, 2015இல் மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பளைப் பக்கமெல்லாம் ஒரே பதற்றமாக இருந்த காலத்தில் நான் ஊரில் ஒரு மாதம் நின்றேன். மூன்று தலைமுறை குடித்த கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டு, ஒழுங்கை முகப்பில் வைத்த நீர்த்தாங்கிக்குப் பவுசர் எப்போது வரும் என்று சின்னம்மா பிளாஸ்ரிக் கானோடு வெயிலில் காத்திருந்தார். அப்போது வட மாகாண சபை நம்முடையது; 2013இல் 38 ஆசனங்களில் 30ஐ நாமே கூட்டமைப்புக்குக் கொடுத்திருந்தோம். அந்தச் சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவை ஊரவர் நம்பவில்லை. வீட்டு முற்றத்துக்கு வந்து "உங்கள் வாளியைக் காட்டுங்கள்" என்று கேட்ட பிரதிநிதி ஒருவரையும் நான் நின்ற அந்த மாதத்தில் காணவில்லை. இந்த விடயத்தை அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் தென்னிலங்கைச் சூழலியலாளரான ரவீந்திர காரியவசம். 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. தெற்கிலிருந்து ஒருவர் வந்து நம் கிணற்றுக்காக வழக்காடியதை நம் சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஐந்து வருடம் கழித்துத் தெற்குக் கட்சியொன்றுக்குப் புள்ளடி போட அதற்குக் கை கூசாததில் எனக்கு வியப்பில்லை.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. 1970இல் வட்டுக்கோட்டையில் தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கம் தோற்றார். அதே தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் தோற்றார். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்த காலத்தில், யாரை அனுப்பினோம், யாரைத் திருப்பி அழைக்க வேண்டும் என்பது திண்ணையில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது. 1989இலிருந்து நடைமுறைக்கு வந்த விகிதாசார முறையில் நெடுந்தீவு முதல் கிளிநொச்சி வரை ஒரே தேர்தல் மாவட்டமாகிவிட்டதால், நம் ஊரின் மதகு உடைந்தால் எந்த உறுப்பினரைக் கேட்பது என்பதற்கு விடையே இல்லாமற் போயிற்று. வேட்பாளருக்குத் தனித்தனியே விழும் விருப்பு வாக்குக்காக எல்லோரும் எல்லா ஊருக்கும் வருவார்கள். தேர்தல் முடிந்ததும் எந்த ஊரும் எவருடைய பொறுப்பும் அல்ல. அதற்கு மேல் போர். போருக்குப் பிறகு, "இனப் பிரச்சினை தீராத நேரத்தில் மதகைப் பற்றிப் பேசலாமா" என்ற அதட்டல். இவை எல்லாம் சேர்ந்து வாக்காளரின் கோபத்தை நீண்ட காலம் அணைகட்டி வைத்திருந்தன. 2024 தேர்தலுக்கு இரு வாரங்களுக்கு முன் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த பலாலி–அச்சுவேலி வீதி 34 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டபோது, நம்மவர்கள் அதைத் தேர்தல் தந்திரம் என்றார்கள். தந்திரமாகவே இருக்கட்டும். அந்த வீதியால் இப்போது மரக்கறி ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடம் அந்த வாதம் எடுபடவில்லை.

பொருளாளர் அண்ணா இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்துக்குள், 2025 மே 6ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், யாழ் மாநகர சபை உட்பட வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சியே மீண்டும் முந்தியது. மார்ச் 28இல் வெளியான, காணி உரித்து பற்றிய அரசின் வர்த்தமானி அறிவித்தல், கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லாதவர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற அச்சத்தைக் கிளப்பியிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இனத்தை விற்றுவிட்ட சனம் ஆறு மாதத்தில் எப்படித் திருந்தியது? அது எதையும் விற்கவில்லை. தன்னைக் கவனிக்காதவர் எவராயினும் அவருக்கு விலை உண்டு என்று அடுத்தடுத்து இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறது.

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் இரண்டு வருடம் செயலாளர்களே நடத்தினார்கள். மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது, அதற்கான தேர்தல் பின்னர் நடக்கவேயில்லை. இந்தக் காலமெல்லாம் ஒழுங்கை விளக்குக்கும் வாசிகசாலைக் கூரைக்கும் சுடலை மதிலுக்கும் நாம் லண்டனிலும் சூரிச்சிலும் காசு சேர்த்து அனுப்பினோம். நல்ல மனத்துடன்தான் அனுப்பினோம். ஆனால் பிரதேச சபை செய்ய வேண்டிய வேலையை நாம் செய்து முடித்ததும், அதைச் செய்யாத உறுப்பினரே வந்து நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை இந்தக் குழுவிலேயே பெருமையாகப் பகிர்ந்தோம். பொறுப்பானவர் கொடுக்க வேண்டிய விலையை நாம் கொடுத்தோம். அவருக்கு ஏன் வலிக்கும்?

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தில் எடுக்கவிருக்கும் மேற்கு ஒழுங்கை வடிகால் விடயத்தில் ஒரு திருத்தத்தை முன்வைக்கிறேன். சங்கம் பணம் ஒதுக்குவதற்கு முன், நம் வட்டார உறுப்பினருக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் ஊரவர் கையொப்பத்துடன் கடிதம் போக வேண்டும். அவர்களின் எழுத்துமூலப் பதில், அது மறுப்பாக இருந்தாலும், வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கடிதத்தின் வரைவை நானே எழுதுகிறேன். கையொப்பம் சேர்க்கச் சனசமூக நிலையத் தம்பிமார் சம்மதித்திருக்கிறார்கள்.