இரத்தச் சர்க்கரையை ஒளியின் சுழற்சியைக் கொண்டு அளக்க முடியாதா?

கேள்வி (வேதியியல் மாணவி):
நேற்று ஆய்வகத்தில் 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் குளுக்கோஸைக் கரைத்து, 20 செ.மீ. குழாயில் ஊற்றி, ஒளியின் சுழற்சியை அளக்கும் போலாரிமீட்டரில் பார்த்தேன். கரைத்த உடனே 20 டிகிரிக்கு மேல் காட்டிய அளவு பார்க்கப் பார்க்கக் குறைந்துகொண்டே வந்து, இன்று காலை 10.5 டிகிரியில் நின்றுவிட்டது. இது குளுக்கோஸின் ஆல்ஃபா வடிவம் அதன் பீட்டா வடிவத்துடன் சமநிலைக்கு வருவதால் நிகழ்வது என்பது தெரியும். என் ஐயம் வேறு. குளுக்கோஸ் கைரல் மூலக்கூறு, அதாவது தன் ஆடி பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறு, என்பதால்தான் தளவிளைவு ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) திருப்புகிறது என்றால், விரலில் ஊசி குத்தாமல் ஒளியைச் செலுத்தியே சர்க்கரை நோயைக் கண்டறிய முடியாதா?

பதில் 1:
சிறுநீரில் அதை 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். லெட் அசிடேட் சேர்த்து வடிகட்டித் தெளியவைத்த சிறுநீரில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை இருந்தால், உங்கள் குழாயிலேயே 5 டிகிரிக்கு மேல் காட்டும். இரத்தத்தின் கணக்கு வேறு. 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற இயல்பான அளவில், 1 செ.மீ. தொலைவு கடக்கும் 589 நானோமீட்டர் ஒளி திரும்புவது வெறும் 0.005 டிகிரி. உங்கள் கருவியின் வெர்னியர் 0.05 டிகிரி வரை காட்டுவதாக இருந்தால், இது அதில் பத்தில் ஒரு பங்கு. அதே இரத்தத்தில் எடையில் குளுக்கோஸைப் போல ஏறத்தாழ 40 மடங்கு இருக்கும் அல்புமின் என்ற புரதம் ஒளியை எதிர்ப்பக்கம், அதாவது இடப்புறம், திருப்புகிறது. போதாக்குறைக்குத் தோலுக்குள் நுழைந்த ஒளி பலமுறை சிதறித் தன் தளவிளைவையே இழந்துவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் விரலை விட்டுவிட்டு, கண்ணின் முன்னறையிலுள்ள தெளிந்த நீரை நாடினார்கள். அங்கும் கருவிழிப்படலத்தின் இரட்டை ஒளிவிலகலும் (ஒளியை இரண்டாகப் பிரித்துத் தளவிளைவை மாற்றும் பண்பு) கண்ணின் அசைவும் குறுக்கே நிற்கின்றன.

பதில் 2:
சுழற்சியை மட்டும் பார்ப்பதால் வரும் இடர்ப்பாடு இது. இடவட்ட, வலவட்டத் தளவிளைவு ஒளிகளை ஒரு மூலக்கூறு எவ்வளவு வேறுபட்டு உட்கவர்கிறது என்று அலைநீளவாரியாக அளக்கும் சர்குலர் டைக்ராயிசம் இன்னும் பலவற்றைச் சொல்லும். புரதச் சங்கிலி சுருண்டு அமைந்த ஆல்ஃபா சுருள், வரைபடத்தில் 208, 222 நானோமீட்டர்களில் இரண்டு பள்ளங்களைக் காட்டும். சங்கிலிகள் பக்கம்பக்கமாக அமைந்த பீட்டா தகடு 218 நானோமீட்டரை ஒட்டி ஒரே பள்ளத்தைக் காட்டும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் தன் ஒழுங்கற்ற நிலையிலிருந்து பீட்டா தகடாக மாறுவதைச் சோதனைக்குழாயில் மணிக்கணக்கில் பின்தொடர இதுவே எளிய வழி. ஆனால் தூய்மைப்படுத்திய புரதத்துக்குத்தான் இது பொருந்தும். இரத்தச் சீரத்தை அப்படியே வைத்தால் அல்புமினின் சுருள்தான் தெரியும்.

பதில் 3:
நோயறிதலில் ஆடி பிம்ப வடிவத்தைப் பிரித்தறிவது உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஐ.டி.எச்.1 மரபணு திரிந்த மூளைக் கட்டிகளில் 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற சிறு மூலக்கூறின் இரு ஆடி பிம்ப வடிவங்களுள் டி வடிவம் குவிகிறது என்று 2009-இல் கண்டறிந்தார்கள்; அதன் எல் வடிவம் குவிவது முற்றிலும் வேறான பரம்பரை நோய். இரண்டுக்கும் நிறை ஒன்றே என்பதால், கைரல் வினைபொருள் ஒன்றை இணைத்தோ கைரல் நிரலில் (இரு வடிவங்களையும் வெவ்வேறு வேகத்தில் கடக்கவிடும் குழாயில்) பிரித்தோதான், மூலக்கூறை நிறையால் அடையாளம் காணும் நிறைமானிக்கு அனுப்புகிறார்கள். அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு நேரடியாகப் பிரித்தறியலாமே என்றால், அங்கே இட-வல வேறுபாடு மொத்த உட்கவர்தலில் பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து இலட்சத்தில் ஒன்று வரைதான் இருக்கும். எனவே இன்றைய நிலையில் ஒளியைவிடப் பிரித்தெடுக்கும் நிரலையே நான் நம்புவேன்.

வேதியியல் மாணவி:
மூவருக்கும் நன்றி. முதல் பதிலில் சொன்ன எதிர்ச்சுழற்சியை நேரில் பார்க்க, நாளை குளுக்கோஸ் கரைசலில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பதில் 1:
வெறும் நீரில் கலந்தால் கலங்கிவிடும். சிறிது உப்புச் சேர்த்த நீரில் கலக்கி, நுரை அடங்கியபின் வடிகட்டி, முதலில் அதை மட்டும் அளந்துகொள்ளுங்கள். குளுக்கோஸை முந்தின நாளே கரைத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அளவு குறைவது எதனால் என்றே தெரியாது.