வேட்பாளர் வேட்டைக்காரரா?

சொல்லன்பன்:
"வேட்டை என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் வேட்பாளர், வாக்குகளை வேட்டையாடுகிறவர்" என்று ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். அதற்குப் பாராட்டு வேறு. படித்ததும் வயிறு எரிந்தது. வேள் என்றால் விரும்பு. கேள், கேட்பு. மீள், மீட்பு. அதேபோல வேள், வேட்பு. அதோடு ஆளர் சேர்ந்தால் வேட்பாளர். பதவியை விரும்பி நிற்கிறவர், அவ்வளவுதான்.

கதிர்மணி:
ஒருவர் என்ன ஒருவர்? எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டுங்கள். தேர்தல் வந்தால் நாளிதழ்கள் 'வாக்கு வேட்டை' என்று தலைப்புப் போடுகின்றனவே, அது எங்கிருந்து வந்தது?

சொல்லன்பன்:
அது உருவகம். சொல்பிறப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு? வேட்டையிலிருந்து வந்திருந்தால் வேட்டையாளர் என்றல்லவா இருக்கும்? நடுவில் 'பு' எங்கிருந்து வந்தது? குறள் 643ஐப் பாருங்கள்: "கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்." கேட்காதவரும் விரும்பும்படி பேசுவது என்று பொருள். உங்கள் கணக்குப்படி, கேட்காதவரும் வேட்டையாடும்படி பேசச் சொல்கிறாரா வள்ளுவர்?

வெண்ணிலா:
கேண்டிடேட் என்ற சொல்லே வெள்ளை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ரோமில் பதவி கேட்டவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுப்பாக்கிய அங்கியோடு மக்களிடம் போனார்கள். நம் ஊரிலும் வெள்ளை வேட்டிதானே? வேட்டி கட்டியவர் வேட்பாளர் என்று ஏன் இருக்கக் கூடாது?

சொல்லன்பன்:
ரோம் கதை சரி அம்மா. ஆனால் வேட்டியிலும் 'பு' இல்லையே!

பழையவன்:
நான் சிறுவனாக இருந்தபோது சுவரெல்லாம் 'அபேட்சகர்' என்றுதான் எழுதியிருக்கும். அபேட்சை என்றாலும் விருப்பம்தான். அந்தச் சொல் என்ன பாவம் செய்தது, அதைத் துரத்திவிட்டீர்கள்?

கதிர்மணி:
ஐயா, உங்கள் அபேட்சகரை அப்புறம் பார்ப்போம். இந்தச் சொல்லன்பன்தான் போன மாதம் 'சாவி' தூய தமிழ் என்று சாதித்தவர். அது போர்த்துகீசியம் என்று நான் காட்டியதும் இரண்டு வாரம் ஆளையே காணோம். இவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்!

சொல்லன்பன்:
சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 'பு' எங்கே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கதிர்மணி:
காலப்போக்கில் வந்து சேர்ந்திருக்கும்.

சொல்லன்பன்:
காலப்போக்கில் தானாக வந்து ஒட்டிக்கொள்ள அது தூசியா? 'பு' வினையோடு சேர்கிற விகுதி. வேட்டை பெயர்ச்சொல். வேட்பு மனு தாக்கல் என்கிறோமே, வேட்டை மனு தாக்கல் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பழையவன்:
அபேட்சகர் வடமொழி என்று விரட்டினீர்கள். அந்த மனு மட்டும் எந்த மொழியாம்?

சொல்லன்பன்:
பெரியவரே, நான் மனுவைப் பற்றிப் பேசவில்லை. 'பு'வைப் பற்றிப் பேசுகிறேன்.

கதிர்மணி:
பெரியவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். நான் வேட்டை என்றுதான் எழுதுவேன்.