தென்னைக்குக் குழி எடுக்கும்போது மோட்டார் கேபிளில் கடப்பாரை பட்டுவிட்டது, மறுபடி எப்படிப் புதைப்பது?

நாணமேடு_தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் நாணமேட்டில், பெண்ணையாற்றங்கரையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது மீட்டர் கொட்டகையிலிருந்து போர்வெல் வரைக்கும் மேலே போன ஒயரும், அதைத் தாங்கின கம்பங்களும், அதன்மேல் சாய்ந்த தென்னைகளும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. இனிமேல் மேலே ஒயரே வேண்டாம் என்று அப்பா அடுத்த வருஷம் ஆர்மர்டு கேபிள் (உள்ளே ஒயர்களைச் சுற்றி இரும்புக் கம்பிக் கவசம், அதாவது ஆர்மர், இருக்கும்) வாங்கி 70 மீட்டர் தூரத்துக்கு மண்ணுக்கடியில் போட்டார். நாலு கோர் (உள்ளே நாலு ஒயர்), 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), அலுமினியம். மோட்டார் 5 எச்பி. இத்தனை வருஷமாக ஒரு தொந்தரவும் கிடையாது.

போன வாரம் தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்தோம். எங்கள் வீட்டில் ரொம்ப காலமாக வேலை பார்க்கிற பெரியவர்தான் கடப்பாரை போட்டார். ஒன்றரை அடிகூட இறங்கியிருக்காது, டப்பென்று ஒரு சத்தம், குழிக்குள் நீலமாக ஒரு பளிச். கடப்பாரையைத் தூக்கிப் பார்த்தால் நுனியில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு இரும்பு உருகி, கடித்து எடுத்த மாதிரி இருக்கிறது. மெயினில் ப்யூஸ் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று முழுக்கக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. டீ டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை.

அப்பா இரண்டரை அடி ஆழத்தில் போட்டதாகத்தான் சொல்லியிருந்தார். 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணை திறந்து வந்த வெள்ளம் எங்கள் தோட்டத்தில் ஒரு பக்கம் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய் இன்னொரு பக்கம் மணலாகக் கொட்டிவிட்டுப் போனது, அதனால் ஆழம் குறைந்திருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பது அப்பாவுக்குத்தான் தெரியும். அவர் இப்போது இல்லை.

அடிபட்ட இடத்தில் ஜாயிண்ட் போட்டு ஓட்டலாமா, முழுசாக மாற்ற வேண்டுமா? புதிதாகப் போட்டால் பைப்பில் போடுவதா, செங்கல் வைப்பதா? எவ்வளவு ஆழம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர்_ஒயர்மேன் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு விஷயம். உங்கள் அப்பா கேபிளோட ஆர்மரை எர்த்தில் கட்டி வைத்திருக்கிறார், அதனால்தான் ப்யூஸ் உடனே போனது. கடப்பாரை ஆர்மரையும் உள்ளே இருக்கும் கோரையும் ஒரே நேரத்தில் தொட்டதும் கரண்ட் அந்த இரும்புக் கம்பி வழியாகவே எர்த்துக்குப் போய் ப்யூஸை எரித்துவிட்டது. ஆர்மரை எர்த் பண்ணாமல் சும்மா வெட்டிவிட்ட கேபிளாக இருந்தால் அந்தக் கடப்பாரையே கரண்டோடு நின்றிருக்கும், பிடித்திருந்தவர் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும். புதிதாகப் போடும்போதும் இரண்டு முனையிலும் கிளாண்ட் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோக மூடி) போட்டு ஆர்மரை எர்த்தோடு சேர்ப்பதை எவ்வளவு அவசரமானாலும் விடாதீர்கள். பாதிப் பேர் ஆர்மரை வளைத்து மடக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது ஜாயிண்ட் விஷயம். அடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று, நடுவில் மழை பெய்ததா, குழியில் தண்ணீர் நின்றதா? கேபிள் தோலில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அந்த இடத்தோடு நிற்காது, ஆர்மர் கம்பிகளுக்கு நடுவே ரொம்ப தூரம் ஓடும். அலுமினியத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி மாதிரி பூத்திருந்தால் அந்த நீளம் போச்சு என்று அர்த்தம். மெயினை ஆஃப் பண்ணி, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அடிபட்ட இடத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் அரை அரை அடியாக நறுக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்து பளபளப்பாக வருகிற வரைக்கும் நறுக்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட்டர் பக்கமும் மோட்டார் பக்கமும் கழற்றிவிட்டு மெக்கர் (இன்சுலேஷன் நல்லா இருக்கிறதா என்று அளக்கும் கருவி) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கோருக்கும் கோருக்கும் நடுவே, ஒவ்வொரு கோருக்கும் ஆர்மருக்கும் நடுவே. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தக் கேபிளுக்குக் கரண்டே கொடுக்காதீர்கள். நல்ல கேபிள் அதற்கு எவ்வளவோ மேலே காட்டும்.

நறுக்கினதில் பற்றாக்குறை வந்தாலும் இழுத்துக் கட்டிச் சேர்க்காதீர்கள், நடுவில் ஒரு துண்டு போட்டால் இரண்டு ஜாயிண்ட் ஆகிவிடும், அதற்குப் பதில் 70 மீட்டரும் புதிதாக வாங்கிவிடலாம். ஒரே ஜாயிண்ட்டோடு முடியும் என்றால் ஹீட் ஷ்ரிங்க் கிட் (சூடு பண்ணினால் சுருங்கி இறுகும் உறை) அல்லது ரெசின் ஊற்றும் கிட் வாங்கி, அலுமினிய ஃபெருல் (ஒயர் முனைகளைச் சேர்க்கும் குழாய்) வைத்து கிரிம்ப் அடித்து, அதாவது நசுக்கி இறுக்கிப் போடலாம். ஆர்மரும் ஜாயிண்ட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்திருக்க வேண்டும். ஜாயிண்ட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கேபிளை வளைத்துத் தாராளமாக விடுங்கள், மண் அமுங்கும்போது இழுக்காது. முறுக்கி டேப் சுற்றிப் புதைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், உங்கள் பக்கம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியே மோட்டாருக்கு ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். பழைய மோட்டார் லீக்கேஜில் அது அடிக்கடி ட்ரிப் ஆனால் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஆர்சிசிபியைத் தூக்கிவிடக் கூடாது.

மஞ்சவண்டி_கடலூர் எழுதியது:

நான் ஜேசிபி ஓட்டுகிறேன், கடலூர் முதுநகர் பக்கம். எங்கள் பக்கத்து விஷயத்தையும் யாராவது கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பக்கெட்டில் கேபிள் மாட்டினால் எங்களுக்குக் கையில் ஒன்றும் தெரியாது அண்ணே. வேர் அறுபடுகிற மாதிரிகூட இருக்காது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. மண்ணுக்குள் வரிசையாகச் செங்கல் சிவப்பாகத் தெரிந்தால் எந்த டிரைவரும் நிறுத்திவிடுவான், அதற்கு மேலேயே மஞ்சளாகவோ சிவப்பாகவோ எச்சரிக்கை டேப் வந்துவிட்டால் இன்னும் நல்லது, பக்கெட் பல்லில் அந்த ரிப்பன் தொங்கிக்கொண்டு வரும், கீழே ஏதோ இருக்கிறது என்று இறங்கிப் பார்ப்போம். வெறும் பைப்பில் கேபிள் போட்டு மேலே ஒன்றும் வைக்காமல் மூடியிருந்தால் அது எங்களுக்குப் பழைய தண்ணீர்ப் பைப் மாதிரிதான் தெரியும், அதுவும் உடைந்த பிறகு.

வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் 'ஒன்றும் இல்லைப்பா, எடு' என்பார்கள். எனக்கு ஒருதடவை ஒரு வீட்டு வாசலில் அப்படித்தான் ஆனது, வண்டி இரும்பு முழுக்கக் கரண்ட். நான் சீட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தேன், இறங்குகிறேன் என்று ஒரு காலைத் தரையில் வைத்திருந்தால் முடிந்தது. அதற்கப்புறம் கேபிள் இருக்கலாம் என்று தெரிந்த இடத்தில் மண்வெட்டியால் குறுக்கே ஒரு சின்னக் குழி எடுத்துக் காட்டாமல் நான் பக்கெட் இறக்குவதில்லை. கடப்பாரையும் வேண்டாம், மண்வெட்டியைப் படுக்கவைத்து மண்ணைச் சுரண்டுகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள் ரோட்டோரம் தோண்டுவதாக இருந்தால் 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி விட்டார்கள், தோண்டுவதற்கு முன் அதில் பதிந்தால் அடியில் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். உங்கள் தோட்டத்துக் கேபிள் அதில் வராது, அது நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற_ஏஇ எழுதியது:

மின்துறையில் 33 வருடம் இருந்தவன். மேலே இருவரும் சொன்னது சரி. தானே புயலுக்குப் பிறகு கடலூர் நகரத்தில் புதைவடம் போட்டதே காற்றில் கம்பம் சாயக்கூடாது என்பதற்காகத்தான், உங்கள் அப்பா அதையே சொந்தத் தோட்டத்தில் செய்திருக்கிறார், நல்ல யோசனைதான்.

ஆழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தியத் தரநிலை ஐஎஸ் 1255-ன்படி 1.1 கிலோவோல்ட் வரைக்குமான கேபிளுக்குக் குறைந்தது 75 சென்டிமீட்டர், 11 கிலோவோல்ட்டுக்கு 90, ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டர். உங்களுடையது முதல் வகை, அதாவது அப்பா சொன்ன அதே இரண்டரை அடி. ஆனால் தம்பி, இங்கேதான் கவனிக்க வேண்டும். தென்னங்கன்றுக்குக் குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். வெள்ளம் மண்ணை அரிக்காமல் இருந்திருந்தாலும், கேபிள் இரண்டரை அடியில் பத்திரமாக இருந்திருந்தாலும், அந்தப் பெரியவர் இன்னும் ஒரு மணி நேரம் தோண்டியிருந்தால் அதே கடப்பாரை அதே கேபிளில் பட்டிருக்கும். ஆழம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. யாரும் எந்தக் காலத்திலும் குழி எடுக்காத இடமாகப் பார்த்துக் கேபிளைக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் குறுக்கே நேர்கோட்டில் போகாதீர்கள், பத்து இருபது மீட்டர் அதிகம் செலவானாலும் வேலி ஓரமாகவோ நடைபாதை ஓரமாகவோ போங்கள். வேலிக்கல் நடுவதற்கும் குழி எடுப்பார்கள், ஆகவே வேலியிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி. தென்னைக்கு எரு வைக்கும் வட்டப்பாத்தியே மரத்திலிருந்து ஆறடி போகும், கேபிள் எட்டடிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

அடியில் மூன்று அங்குலம் சலித்த ஆற்று மணல், அதன்மேல் கேபிள், மறுபடி மூன்று அங்குலம் மணல், அதற்கு மேல் செங்கலைக் குறுக்குவாட்டில் இடைவெளி இல்லாமல். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று அதைப் போட்டுவிடாதீர்கள், உப்பு ஆர்மரைத் தின்றுவிடும். மண்ணை மூடிக்கொண்டு வந்து தரைக்கு ஓர் அடி கீழே எச்சரிக்கை டேப். பைப் தேவைப்படுவது டிராக்டர் கடக்கும் இடத்திலும் வாய்க்கால் கடக்கும் இடத்திலும்தான், அங்கே பைப்பின் வாய் இரண்டையும் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எலி குடியேறும். வளைவில் கேபிளை ஒடிக்காதீர்கள், கேபிளின் தடிமனைப் போல பன்னிரண்டு மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும்.

பத்து மீட்டருக்கு ஒன்றும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றுமாக அடையாளக் கல் நடுங்கள். ஆற்றோர நிலம் என்பதால் ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும் அந்தக் கல்லின் உயரத்தை அளந்தால் மண் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். மின் மீட்டருக்கு முன்னால் இருக்கும் கேபிள் உங்களுடையது இல்லை, அதில் ஏதாவது என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள்.

நாணமேடு_தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒயர்மேன் அண்ணே, நீங்கள் சொன்னபடி நறுக்கிப் பார்த்தோம், நாலடி தாண்டியும் வெள்ளைப் பொடி வந்துகொண்டே இருந்தது, அதனால் முழுசாக மாற்றிவிட்டோம். ஆர்மர் எர்த் பற்றி நீங்கள் எழுதினதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் 'உங்க அப்பா எதையும் அரைகுறையா செய்யமாட்டாரு' என்றார்.

புதிய கேபிள் வடக்கு வேலியை ஒட்டிப் போகிறது, 88 மீட்டர் ஆனது. பழைய செங்கலே 300-க்கு மேல் கிடந்தது, மீதி வாங்கினோம். மூடுவதற்கு முன் பள்ளத்தில் அளவு டேப் பிடித்து, போர் மூடியிலிருந்தும் மீட்டர் கொட்டகை மூலையிலிருந்தும் எத்தனை அடி என்று அளந்து படம் எடுத்தேன். ஒரு சந்தேகம்: பழைய கேபிளை மண்ணிலேயே விட்டுவிடலாமா?

வில்லியனூர்_ஒயர்மேன் எழுதியது:

எடுக்க முடிந்த அளவு எடுத்துவிடுங்கள் தம்பி, அலுமினியத்துக்குப் பழைய கடையில் விலை இருக்கிறது. எடுக்க முடியாததை இரண்டு முனையிலும் கழற்றி, கோர்களை ஒன்றாகச் சேர்த்து மூடி, 'உபயோகத்தில் இல்லை' என்று தகடு கட்டுங்கள். நாளைக்கு யாராவது தோண்டும்போது அதைப் பார்த்து 'இங்கே இருப்பது செத்த கேபிள்தான்' என்று நினைத்துப் புதியதில் கை வைத்துவிடக் கூடாது. படம் ஃபோனில் மட்டும் இருந்தால் போதாது. அளவுகளை மீட்டர் கொட்டகை உள்சுவரில் பெயிண்ட்டால் எழுதுங்கள், வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலே.