மறு: நோய் கடுமையாவதற்கான மரபுத்தன்மை – ‘கடுமைவாகு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் மரபியல் கையேட்டில் ஒரே சொல்லுக்காக மூன்று வாரமாக நிற்கிறோம். ஒரே வீடு, ஒரே வைரஸ். அண்ணனுக்கு மூக்கொழுகலோடு போகிறது, தம்பிக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கிறது. வயது, சர்க்கரை, உடல் எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் மிஞ்சும் வேறுபாட்டில் மரபணுவுக்கு ஒரு பங்கு உண்டு. அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> ‘நோயெதிர்ப்புக் குறைபாடு’ என்றே எழுதலாமே, பழகிய சொல்தானே.

ஐயா, பழகிய சொல்தான். ஆனால் அதைக் கேட்டவுடன் எந்நேரமும் நோயில் கிடக்கும் ஒருவர்தான் மனதில் வருவார். 2020இல் நெதர்லாந்தில் கொரோனாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நான்கு இளைஞர்களை ஆராய்ந்தார்கள். இரண்டு குடும்பங்கள், குடும்பத்துக்கு இரண்டு சகோதரர்கள். அதற்குமுன் பெரிய நோய் எதுவும் அவர்களுக்கு இருந்ததில்லை. பழுது டிஎல்ஆர்7 என்ற ஒரே மரபணுவில். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை மோப்பம் பிடித்து, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், ஈடுகட்ட இன்னொரு நகல் கிடையாது. இவர்களை ‘எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது நியாயமில்லை.

> அப்படியானால் ‘மரபுத் திரிபு’?

திரிபை வைரஸுக்குக் கொடுத்துவிட்டோம். டெல்டா திரிபு, ஒமைக்ரான் திரிபு என்று செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் பழகிவிட்டது. மனிதருக்கும் அதையே வைத்தால் யாருடைய திரிபு என்று ஒவ்வொரு வரியிலும் விளக்க வேண்டிவரும். மனிதரிடம் இருப்பதை ‘மாறுபாடு’ என்றே வைத்துக்கொள்வோம்.

தறிக்கார நண்பர் சொன்ன ‘மரபுப்பிசகு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இழை பிசகினால் துணியில் தெரியும் என்பதைத் தறி ஓடும் எங்கள் அம்மாப்பேட்டையில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனாலும் ஏற்க முடியவில்லை. மூன்றாம் குரோமோசோமில் ஒரு மரபுத் துண்டு இருக்கிறது. அது இருந்தால் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. அது, அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று மரபியல் ஆய்வாளர்கள் ஹ்யூகோ சீபெர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் 2020இல் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் அது இருக்கிறது, ஐரோப்பாவில் 16 விழுக்காட்டினரிடம். ஊரில் பாதிப்பேரிடம் இருப்பதைப் பிசகு என்பதா? அதே நியாண்டர்தால்களிடமிருந்து வந்த இன்னொரு துண்டு, 12ஆம் குரோமோசோமில், நோயின் கடுமையைக் குறைக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது?

இனி என் சொல். சின்ன வயதில் எனக்குச் சளி பிடித்தால் என் அப்பாயி சொல்வது இது: “இவன் உடம்பு வாகு அப்படி, சளி புடிச்சா நெஞ்சுக்கு எறங்கிரும்.” உடல்வாகு என்பதில் பிறப்போடு வந்தது என்ற பொருள் இருக்கிறது, குற்றம் சொல்லும் தொனி இல்லை. ‘கைக்கு வாகா இருக்கு’ என்றும் சொல்கிறோமே, அதுவும் இங்கே பொருந்துகிறது. வைரஸுக்கு அந்த உடம்பு வாகாக அமைந்துவிடுகிறது. (தோளணியான வாகுவலயத்தில் வரும் வாகு தோளைக் குறிப்பது. நாம் எடுப்பது அதுவல்ல.)

ஆகவே இரண்டு சொற்கள். தொற்று எளிதில் ஏறும் தன்மை தொற்றுவாகு. ஏறிய தொற்று முற்றும் தன்மை கடுமைவாகு. சளி பிடிக்கவைக்கும் வைரஸ்களில் ஒன்றான ரைனோவைரஸ்-சி உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம் சிடிஎச்ஆர்3. ஒரு மாறுபாட்டில் அந்தப் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் கூடுதலாக வந்து நிற்கிறது. இது தொற்றுவாகு. டிஎல்ஆர்7 பழுது கடுமைவாகு.

கோடு எல்லா இடத்திலும் நேராக விழாது என்பதும் தெரியும். ஐஎஃப்ஐடிஎம்3 என்ற புரதம் ஃபுளூ வைரஸை உயிரணுவின் உள்வாசலிலேயே மடக்குகிறது. அதன் ஒரு மாறுபாடு, 2009 பன்றிக்காய்ச்சலில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. தடுப்பது நுழைவை, விளைவு தெரிவதோ கடுமையில். இதை எந்தப் பக்கம் வைப்பது என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

– அம்மாப்பேட்டையிலிருந்து

——

வணக்கம் தம்பி.

சொல் நன்றாக இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறேன். மலையில் நோயாளிகளைப் பார்ப்பவள் நான். “எங்க வாகு அப்படிங்க” என்று மூச்சுத்திணறலோடு மூன்று நாள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அதன்பிறகு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போக வேண்டும். வாகு என்றால் மாற்றமுடியாதது என்றுதான் காதில் விழுகிறது. ‘கடுமைச்சாய்வு’ என்று வைத்தால் என்ன? சாய்ந்ததை நிமிர்த்தலாம் அல்லவா?

– ஏற்காட்டிலிருந்து

——

அம்மா,

உங்கள் பயம் நியாயமானது, என் மடலில் அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் சாய்வு கணக்கில் சரிவுக்கும், புள்ளியியலில் ஒருபக்கச் சார்புக்கும் போய்விட்டது. ஒரே கையேட்டில் மூன்று பொருள் தாங்காது. வாகையே வைத்துக்கொண்டு, தனியாக நிற்க விடாமல் விளக்கத்தையும் சேர்த்து எழுதுகிறேன். மரபு தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு என்றால், வயதும் தடுப்பூசியும் நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையும் குறுக்கே ஓடும் ஊடை. பதிவை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

கடுமைவாகு: ஒரு குறிப்பிட்ட தொற்று ஒருவருக்குக் கடுமையாவதற்கான வாய்ப்பைக் கூட்டும் மரபுத்தன்மை. வாய்ப்பு மட்டுமே, முடிவு அன்று. வைரஸுக்கு வைரஸ் வேறுபடும். எ-டு: ‘கடுமைவாகு உள்ளவர் மூச்சுத்திணறல் தொடங்கியவுடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.’

எடுத்துக்காட்டு வரி உங்களுக்காகச் சேர்த்தது. மலையில் இது புரியுமா என்று இரண்டு பேரிடம் படித்துக்காட்டிச் சொல்லுங்கள்.